ஆதாரம்: பக்கம் 43

இரவு வேலை முடித்து வருகிறவனுக்குக் காலை எட்டு மணிக்குத் தூக்கம் வராது. ரொட்டி சானாய் சாப்பிடலாம், துணி துவைக்கலாம், இல்லையென்றால் கணினி முன்னால் உட்காரலாம். நான் பதினொரு வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

தாரா அக்கா, உங்கள் வாட்ஸ்அப் செய்தியில் இரண்டு கேள்விகள் இருந்தன. உங்கள் அப்பாவைப் பற்றி அந்த வரியை எழுதியது யார்? அவர் என்னிடம் கொடுத்த சீட்டு எங்கே? இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வேறு யாரிடமும் இதை நான் சொன்னதில்லை என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு நின்றவன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாள் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. அதற்குப் பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவெல்லாம் பதினாறு கண்காணிப்புத் திரைகளைப் பார்க்கும் வேலை. அங்கே என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருக்கும் அந்தத் தமிழ் இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் நிர்வாகி. ஒரு பக்கத்தைப் பூட்ட என்னால் முடியும். ஒருவரை எழுதவிடாமல் தடுக்க முடியும். இருபதாயிரம் திருத்தங்கள் செய்திருக்கிறேன். ஒரு சென் காசு வாங்கியதில்லை.

அங்கே இரண்டு விதிகள் முக்கியம். எழுதுவது எதுவானாலும் எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். எழுதுகிறவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. இதைத் தவிர வேறு நல்ல விதிகளை வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

சுங்கை கெருவிங் தோட்ட லோரி விபத்தைப் பற்றிய கட்டுரையை 2018இல் நான்தான் தொடங்கினேன். 1974 ஜூனில் ரப்பர் பால்மரம் சீவும் பெண்களை ஏற்றிக்கொண்டு போன தோட்டத்து லோரி, பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. பதினொரு பேர் இறந்ததாக அந்த வாரப் பத்திரிகையில் வந்திருக்கிறது. பெயர்களும் வந்திருக்கின்றன. ஐந்தாவது பெயர் என் பெரியம்மாவுடையது. அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இதைக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நான் குறிப்பிடவில்லை. பெரியம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. அதனால் என் நடுநிலை பாதிக்கப்படாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கட்டுரையில் ஒரு வரி இருந்தது. "பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் சொல்லியும் தோட்டக் கிராணி லோரியை அனுப்பினார்." கிராணி என்றால் தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, எழுதுகிற ஆள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரி அம்மா சொன்னது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பக்கத்தில் 2020இல் மாதவி 'ஆதாரம் தேவை' என்று குறியிட்டார். மாதவி செலாயாங்கில் ஆசிரியை. கலைக்களஞ்சியத்தில் என்னைப் போலவே பழைய ஆள், ஆனால் நிர்வாகி இல்லை. அதே வாரம் யாரோ பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு பெயர் சேர்த்திருந்தார்கள்: சீதாலெட்சுமி, எட்டு மாதம். பத்திரிகையில் அந்தப் பெயர் இல்லை. நான் நீக்கினேன். ஒரு வரிக்கு ஆதாரம் கேட்கும்போது இன்னொன்றை மட்டும் விட்டுவைக்க முடியாது.

சீதாலெட்சுமி பெரியம்மாவின் குழந்தை; அதே லோரியில் இருந்தது. பிறப்புப் பத்திரம் எடுப்பதற்கு முன்பே போய்விட்டதால் எந்தக் காகிதத்திலும் இல்லை.

'ஆதாரம் தேவை' என்ற குறி இரண்டு வருடம் அந்த வரியின் பின்னால் தொங்கியது. ஒவ்வொரு காலையும் அதைப் பார்ப்பேன். வேறொருவருக்கு அது சின்னக் குறி. எனக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி.

2022இல் நம் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. தோட்டத்தை விற்றபோது கிள்ளான் பக்கம் எடுத்து வந்து கட்டிய அதே கோயில். சிறப்பு மலர் புத்தகத்தை வடிவமைக்கும் வேலை என்னுடையது. நம் ஊர் கோயில் மலர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அமைச்சர் வாழ்த்து, சட்டமன்ற உறுப்பினர் வாழ்த்து, பூக்கடை வாழ்த்து, டயர் கடை வாழ்த்து. நடுவில் திணிக்க நாலு கட்டுரை. செயலாளர் லோகன் போன் செய்தார்.

"பாலன், நாலு பக்கம் காலியா கெடக்கு லா. பிரிண்டர் கத்துறான். என்னத்தையாச்சும் போட்டு நெரப்பு."

"என்ன போட?"

"தோட்டத்து வரலாறு போடு. யாரு படிக்கப் போறா? அவனவன் அவனவன் போட்டோவதான் பாப்பான்."

நான் 'நம் தோட்டம்: சில நினைவுகள்' என்று நாலு பக்கம் எழுதினேன். கீழே பெயர் போடவில்லை. லோரி விபத்தை நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சொன்னேன். வெறும் 'கிராணி' என்று போட்டால் எந்தக் கிராணி என்று மாதவி கேட்பார். பன்னிரண்டாம் பக்கத்தில், முழுப் பக்க வண்ண வாழ்த்தில், உங்கள் அப்பா வேட்டி சட்டையோடு கைகூப்பி நின்றார். 'ஆர். கனகலிங்கம், பிரிக்பீல்ட்ஸ். முன்னாள் கிராணி, சுங்கை கெருவிங் தோட்டம், 1972–1979.' 1974 அதற்குள் வருகிறது. எனக்குத் தெரிந்த கிராணி அவர் ஒருவர்தான். எழுதினேன்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில், நான். ஆனால் அவரைக் குறிவைத்து எழுதவில்லை. ஒரு காலியிடம் இருந்தது. ஒரு பெயர் இருந்தது.

ஆயிரம் பிரதி அச்சானது. உங்கள் அப்பா இருபது பிரதி வாங்கிப் போய் பிரிக்பீல்ட்ஸில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் கட்டுரையில் அவர் பெயரைச் சேர்த்து, மலரின் பக்க எண்ணைப் போட்டு, 'ஆதாரம் தேவை' என்ற குறியை எடுத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மாதவி விடவில்லை. பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: "கோயில் மலர் ஆதாரமாகாது. எழுதியவர் பெயர்கூட இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவர் மேல் பதினொரு சாவைச் சுமத்துகிறோம்." நான் எந்தெந்த விதியின்படி அது ஏற்புடையது என்று பொறுமையாகப் பதில் எழுதினேன். ஆயிரம் பிரதி வெளிவந்திருக்கிறது. சம்பந்தப்பட்டவரே அதே மலரில் வாழ்த்துக் கொடுத்திருக்கிறார். வெளியிட்ட பின் மறுப்புத் தெரிவிக்கவில்லை. பிறகு ஒரு பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில், மறந்துபோன தோட்டத்து விபத்துகள் என்று ஒரு பக்கம் வந்தது. நம் கட்டுரையைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள், வரிக்கு வரி. நான் அதை இரண்டாவது ஆதாரமாகச் சேர்த்தேன். நாமே எழுதியதை நாமே சான்று காட்டுகிறோம் என்று மாதவி எழுதினார். எனக்குத் தனியாகவும் ஒரு மடல் அனுப்பினார்: "பாலன், மலர்ல அந்தப் பக்கத்த எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? நேராச் சொல்லுங்க."

"மலரில் பெயர் குறிப்பிடப்படவில்லை" என்று பதில் அனுப்பினேன். அது உண்மை.

அவர் மூன்று முறை அந்த வரியை நீக்கினார், நான் மூன்று முறை மீட்டேன். நாலாவது முறை நீக்கியபோது, தொடர்ந்து ஒரே இடத்தில் சண்டையிடுகிறார் என்று ஒரு மாதம் தடை போட்டேன். தடை முடிந்தும் அவர் திரும்பி வரவில்லை. நல்ல எழுத்தாளர். பறவைகளைப் பற்றி முந்நூறு கட்டுரை எழுதியிருந்தார்.

2023 மார்ச்சில் உங்கள் அப்பா போன் செய்தார். லோகன் நம்பர் கொடுத்தாராம். கேஎல் செண்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்கே வந்தார். ஜாலான் தெங்கு கெலானாவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். எனக்கு அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்திருந்தது. அவர் பால் இல்லாத தேநீர், தே ஓ, சொன்னார். வந்ததும் கிளாஸைப் பக்கத்தில் இழுத்துவைத்து, ஒரு வாய் மட்டும் குடித்தார்.

"டயாலிசிஸ் ஆள் தம்பி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி எண்டு அளவு. இது வாசம் பிடிக்க வாங்கினது" என்று சிரித்தார். யாழ்ப்பாணப் பேச்சு பாதி, தோட்டத்துப் பேச்சு பாதி. பிறகு சட்டைப் பையிலிருந்து கட்டுரையின் அச்சுப்பிரதியை எடுத்தார். கோடு போட்டிருந்தார்.

"இதில என்னைப் பற்றிப் போட்டிருக்கிறது பிழை."

"எந்த ஆதாரத்த வெச்சி சொல்றீங்க அங்கிள்?"

"நான்தானே கனகலிங்கம்."

"அது ஆதாரம் ஆகாது அங்கிள். உங்களப் பத்தி நீங்களே சொல்றது ஒரு பக்கமா இருக்கும்."

"அப்ப என்னைப் பற்றி ஆர் சொல்லலாம்?"

"அச்சுல வந்திருக்கணும்."

"பொய்யா வந்தாலும்?"

"மெய்யா பொய்யான்னு நாங்க பாக்கறதில்ல அங்கிள். வந்திருக்கான்னுதான் பாப்போம்."

அவர் அச்சுப்பிரதியை நாலாக மடித்தார். "அந்த மலர் என்ர வீட்டில இருபது கிடந்தது. என்ர படத்தைத் தவிர ஒரு பக்கம் நான் திருப்பேல்ல."

"யாரும் திருப்பறதில்ல அங்கிள்."

பிறகு சொன்னார். அன்றைக்கு ஆபீசில் இரண்டு கிராணிகள். பெரிய கிராணி அவருடைய தாய்மாமன். அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். இவர் இருபத்திரண்டு வயதுச் சின்னக் கிராணி. ஓட்டுநர் வந்து பிரேக் பிடிக்கவில்லை என்றார். பெரிய கிராணி, போய்யா, நேற்றும் அதையேதான் சொன்னாய் என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நான் பக்கத்து மேசையில இருந்தனான். வாய் திறக்கேல்ல. அதுதான் நான் செய்தது. அதைப் போடுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். ஆனா செய்யாததைப் போடாதீங்கோ."

மாமன் பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டாராம். மாமி உயிரோடு இருக்கும்வரை உங்கள் அப்பா வாய் திறப்பதில்லை என்று இருந்தாராம். உங்களுக்கும் சொன்னதில்லை என்றார். பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் ஈரம் இல்லாத இடம் பார்த்து வைத்தார். லோரி வெளியே போவதற்கான சீட்டு. தேதி இருந்தது. மாமனின் கையெழுத்து இருந்தது. ஓரத்தில் ஓட்டுநர் பென்சிலால் மலாயில் கிறுக்கியிருந்தார்: பிரேக் தாக் பாயிக். பிரேக் சரியில்லை. நாற்பத்தொன்பது வருடம் வைத்திருந்திருக்கிறார்.

அது அசல்தான். எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் அது அச்சில் வராத தனிப்பட்ட ஆவணம். விதிப்படி பயன்படுத்த முடியாது. அதைச் சொன்னேன்.

"அப்ப நீங்களே வெச்சிக்கொள்ளுங்கோ தம்பி. நீங்கதானே கோயில் புத்தகமெல்லாம் போடுறது. அடுத்த வருஷம் அம்பதாவது ஆண்டு. மலர் போடுவினம். அதில இதைப் போட்டுவிட்டீங்க எண்டா, அச்சில வந்ததாகும்தானே?"

விதியை அவர் சீக்கிரமாகப் புரிந்துகொண்டார். மாதவியைவிடச் சீக்கிரம்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மலரைத் திறந்து பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவரா? இவரு சின்னக் கிராணிடா. நல்ல மனுசன். சாவு வீட்டுக்கெல்லாம் வந்து நின்னாரு. லோரிய அனுப்புனது பெரிய கிராணி, மீச வெச்சவரு."

"நீங்க கிராணின்னுதான் சொன்னீங்க."

"கிராணிதான். எந்தக் கிராணின்னு நீ கேட்டியா?"

"இப்ப நீங்க சொல்றது ஆதாரம் இல்லம்மா."

அம்மா மலரை மூடி என் கையில் கொடுத்தார். "அப்ப மொதல்ல சொன்னது மட்டும் எப்படிடா ஆதாரமாச்சு?"

வாய்மொழிக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

அதன் பிறகு உங்கள் அப்பா மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. "தம்பி, ஏதும் வழி கிடைச்சுதா?" என்பார். நானும் ஒருமுறைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. பார்க்கிறேன் அங்கிள் என்பேன். சாலாக் செலாத்தானில் அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீல் இருக்கிறார், நோட்டீஸ் விடச் சொல்கிறார், ஆனால் தம்பி மேல் அப்படிச் செய்ய மனமில்லை என்று ஒருநாள் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

ஐம்பதாம் ஆண்டு நினைவு மலர் சின்னது, முப்பத்திரண்டு பக்கம். வடிவமைப்பு நான்தான். இம்முறையும் இரண்டு பக்கம் காலியாகக் கிடந்தது. சீட்டை ஸ்கேன் செய்து திரையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குச் சரியாகப் பொருந்தியது. பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

அழுத்தவில்லை. காரணத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். கலைக்களஞ்சியத்தில் ஒரு வரியை மாற்றுவதற்காகவே ஒரு ஆதாரத்தை உருவாக்குவது மிகப் பெரிய தவறு. நிர்வாகியாக இருக்கிற ஒருவன் அதைச் செய்யவே கூடாது. 2022இல் நான் அதைத் தெரியாமல் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே இரண்டாவது முறை செய்ய முடியாது. அந்த இரண்டு பக்கத்திலும் டயர் கடை வாழ்த்தைப் பெரிதாக்கிப் போட்டேன்.

நினைவு நாள் ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நீங்கள் அப்போது வெளிநாட்டில் இருந்தீர்கள் என்று அப்பா சொன்னார். ஒவ்வொரு வருடமும் அன்னதானத்துக்கு முன்னால் இறந்தவர்களின் பெயர்களைப் படிப்பவர் அவர்தான். சின்ன நோட்டுப் புத்தகம் கொண்டுவருவார், பார்க்காமலே படிப்பார். பன்னிரண்டு பெயர். கடைசிப் பெயரைப் படிக்கும்போது அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார். நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் அவர் மேடைப் பக்கம் போனபோது, ராஜன் என்ற ஒருவர் போனை நீட்டிக்கொண்டு எழுந்தார். இறந்த ஓட்டுநரின் பேரன்.

"கொன்னவனே பேரு படிக்கிறானா? இதுல போட்டிருக்கு பாருங்க. ஆதாரத்தோட போட்டிருக்கு."

லோகன் ஓடிவந்தார். "அங்கிள், இந்த வருசம் வேணாம் லா. பிரச்சினை ஆகும். நீங்க சாப்ட்டு போங்க."

உங்கள் அப்பா என்னைத் தேடினார். நான் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றேன். பார்த்தார், அவ்வளவுதான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் வாய்ச்சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு? நானும் தனிமனிதன்தானே.

பெயர்களை லோகன் படித்தார், போனில் நம் கட்டுரையைப் பார்த்து. பதினொன்று படித்துவிட்டு மைக்கை அணைத்தார். அம்மா தலைப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். செருப்பு விடும் இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பன்னெண்டு. சீதாலெட்சுமி. எட்டு மாசம்." மைக் இல்லாததால் முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. அம்மா திரும்பிக் கும்பிட்டார். நான் திரும்பும்போது உங்கள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். குனிய முடியாமல் சுவரைப் பிடித்திருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை அவர் டயாலிசிஸுக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். புதன்கிழமையும் போகவில்லை. செண்டரிலிருந்து போன் செய்தபோது, நன்றாக இருக்கிறேன், வருகிறேன் என்றாராம். பதினோராவது நாள் எனக்கு ஒரு போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"தம்பி, இண்டைக்கு முழுக் கிளாஸ் தேத்தண்ணி குடிச்சனான்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் இறந்தார்.

இறப்புச் செய்தி பத்திரிகையில் வந்தது. நீங்கள் கொடுத்த விளம்பரம்; படமும் தேதியும் தெளிவாக இருந்தன. அன்றே கட்டுரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இறந்த வருடத்தைச் சேர்த்து, உங்கள் விளம்பரத்தை ஆதாரமாகக் காட்டினேன். மாதவி முன்பு போட்ட எச்சரிக்கைப் பட்டை ஒன்று பக்கத்தின் தலையில் இருந்தது: உயிரோடு இருப்பவரைப் பற்றிய தகவல், கவனம் தேவை என்று. அது இனிப் பொருந்தாது. எடுத்துவிட்டேன். கட்டுரை இப்போது சுத்தமாக இருக்கிறது. ஒரு குறிகூட இல்லை.

அம்மா என்னோடு பேசுவதில்லை. காலையில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அது வீட்டு விஷயம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சீட்டு என்னிடம் இருக்கிறது. அதே பிளாஸ்டிக் உறையில், கோப்பில், நனையாமல் வைத்திருக்கிறேன். உங்களிடம் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் நீங்கள் மகள். அதை வைத்து ஒரு பக்கமாகத்தான் பேசுவீர்கள். எந்தப் பக்கமும் சாயாத ஒருவரிடம் அது இருப்பதுதான் முறை.

யாராவது அதை அச்சில் வெளியிட்டால் அன்றைக்கே வரியைத் திருத்திவிடுவேன். இதை உங்களுக்கு எழுத்தில் தருகிறேன். அடுத்த கும்பாபிஷேகம் 2034இல். மலர் வேலை என்னுடையதுதான் என்று லோகன் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.